கோசுத் தோட்டத்திற்குக் கடுகு காவல்

தாளிக்கும் கடுகும் நீலகிரித் தோட்டத்து முட்டைக்கோசும் நெருங்கிய உறவுடையவை. இரண்டும் ‘பிராசிகா’ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நான்கு இதழ்கள் சிலுவைபோல் விரிந்த பூவே இக்குடும்பத்தின் அடையாளமாகும். முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல் ஆகிய மூன்றுமோ ஒரே செடியினின்று மனிதன் தேர்ந்து தேர்ந்து பிரித்தெடுத்த வடிவங்கள்.

இவ்வுறவினருக்குப் பகையும் பொதுவானதே. வைரமுதுகு அந்துப்பூச்சி என்பது அதன் பெயர். இதன் சிறிய பச்சைப் புழு, தொட்டால் துடித்து நூலிழையில் தொங்கும். இலையைச் சல்லடையாக்கிக் கோசை விலைபோகாமற் செய்துவிடும். மருந்தை மேலும் மேலும் தெளித்து இதனை வெல்லலாம் என எண்ணுவது வீண். டி.டி.டி. மருந்திற்கு இப்பூச்சி பணியாமை 1953ஆம் ஆண்டிலேயே ஜாவாத் தீவில் காணப்பட்டது. வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிவதால், மருந்தைத் தாங்கிப் பிழைத்தவற்றின் சந்ததியே விரைவில் பெருகுகிறது. செலவு நமக்கு, ஆதாயம் மருந்து விற்பவருக்கு!

ஆனால் இப்பூச்சியிடம் ஒரு பலவீனம் உண்டு. கடுகிற்குக் காரம் தரும் சத்துப்பொருள்களைக் கொண்டே தாய் அந்து தன் செடியை அறிகிறது. கோசும் கடுகும் அருகருகே நின்றால் கடுகையே பெரிதும் நாடி முட்டையிடும். ஆகவே 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசை கடுகு இடுவது நன்று. முதல் வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்னரும், இரண்டாவதை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். முதல் வரிசை பூத்து முற்றிக் கவர்ச்சி குன்றும்போது இளங்கடுகு அதன் இடத்தை ஏற்கும். ஒரே நாளில் இரண்டையும் விதைத்துவிட்டுப் பயனில்லை என்பாரும் உளர், தவறு கடுகினுடையதன்று.

கடுகை விதைத்தபின் மறந்துவிடலாகாது. அதில் சேர்ந்த புழுக்களை அழிக்காவிடில் கடுகு வரிசையே புழுவிற்கு நாற்றங்காலாகிவிடும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றை 100 லிட்டர் நீராக்கிக் கடுகின்மீது நன்கு நனையத் தெளிக்கலாம்.

அந்து வரப்பை மதிப்பதில்லை. ஒருவர் தோட்டத்தில் அறுவடைக்குப்பின் விட்ட கோசுத் தூர்கள் அடுத்தவர் நாற்றுக்கு ஆபத்தாகும். அறுவடை முடிந்ததும் தூர்களை ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் உழுது புதைக்குமாறு ஊராட்சி உறுப்பினர்கள் கிராமசபையில் பேசி நாள் குறிக்கலாம்.