அதியமானும் ஒரு வரியும்

ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் கதையைக் கூறியபோது, "அவர் உண்மையாக வாழ்ந்தவரா, சேர்?" என்று ஒரு மாணவி வினவினாள். நியாயமான வினாவே. புலவர் பாடியமை மட்டும் வரலாற்றுக்குப் போதாது.

அசோகப் பேரரசனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்னும் ஓர் அரசகுலத்தையும் குறிக்கின்றது. இவர் யாவர் என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 1981 ஆம் ஆண்டு, திருக்கோவிலூருக்கு அண்மையிலுள்ள ஜம்பைக் குன்றில் ஒற்றை வரித் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் என்பது அதன் பொருள். புறநானூற்றுத் தலைவனும் அசோகன் குறித்த குலமும் ஒரே வரியில் இணைந்தன! அக்கல்வெட்டை ஐயுற்றோரும் உளர். ஐராவதம் மகாதேவன் அதனை ஏற்றுக்கொண்டார். நெல்லிக்கனிக்கோ கல்வெட்டு இல்லை. அது இன்றும் ஔவையின் சொல்லாகவே நிற்கின்றது.

அதே 1981 இலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. வேறு படி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் அதிற் சாம்பலாயின. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நாமும் நமது பாடக்குறிப்புக் கொப்பிகளை மேசையிலேயே விட்டுவந்தோம்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் அம்மம்மா கொண்டுவந்த பழைய கடிதமோ, காணி உறுதியோ, கைப்பிரதியோ இருப்பின் பெற்றோரிடம் கேட்டு வகுப்புக்கு எடுத்துவாருங்கள். படியெடுத்து, மூலத்தை அன்றே திருப்பித் தருவோம்.