வண்டி ஏன் ஒருபுறம் இழுக்கிறது?

நேரான சாலையில், காற்று வீசாத வேளையில், ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையைச் சற்றே தளர்த்தினால் வண்டி என்ன செய்யவேண்டும்? போய்க்கொண்டிருந்த வழியே போகவேண்டும். புறவிசை தாக்காதவரை இயங்கும் பொருள் நேர்கோட்டிலேயே இயங்கும் என்னும் நியூட்டனின் முதல் விதியை நாம் பள்ளியிலேயே ஒப்பித்துவிட்டோம். ஆகவே வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்குமாயின், யாரும் அழைக்காத ஒரு விசை எங்கிருந்தோ வந்து அதைத் தள்ளுகிறது என்பதே பொருள். அந்த விசையைத் தேடிப் பிடிப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. பட்டறைக்காரர்கள் இந்த நோயை "வண்டி இழுக்குது" என்று இரண்டே சொற்களில் சொல்லிவிடுகிறார்கள். அதைவிட நல்ல கலைச்சொல்லை எந்தக் குழு கூடினாலும் ஆக்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

எல்லா வண்டிக்கும் இந்நோய் வரும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் இனத்தில் அது உரத்துக் கேட்கும். எடை குறைவு, உயரம் குறைவு, ஸ்பிரிங் இறுக்கம், ஸ்டியரிங்கைச் சிறிது அசைத்தாலே சக்கரம் திரும்பிவிடும். லாரியில் தெரியாத குறை இதில் உள்ளங்கையில் வந்து முட்டும்.

முதலில் ஐயுறவேண்டியது வண்டியை அன்று, சாலையை. மழைநீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காக நம் சாலைகளின் நடு முதுகு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. தார்ச் சாலையில் இச்சரிவு ஏறத்தாழ நூற்றுக்கு 2 முதல் 2.5 வரை இருக்கும். மழை மிகுந்த நாடுகளில் கூடுதலாக வைப்பர். இரண்டு பருவமழைகளும் நனைக்கும் இத் திருவனந்தபுரத்தில் அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி நூற்றுக்கு 2.5 சரிவில் நின்றால், அதன் எடையில் 25 கிலோகிராம் அளவு பக்கவாட்டில் இழுக்கும். நாம் இடப்புறம் ஓட்டுகிறோம், சரிவும் இடப்புறமே. ஆகவே இந்தியாவில் குறையே இல்லாத வண்டியும் மெல்ல இடப்புறம் ஒதுங்கத்தான் செய்யும். கழக்கூட்டத்திலிருந்து கோவளம் செல்லும் புறவழிச்சாலையில் கையை விட்டுப் பார்த்து, "வண்டி கெட்டுவிட்டது" என்று பட்டறைக்கு ஓடுபவர்களில் சிலருக்கு வண்டியில் ஒன்றுமே இருக்காது.

இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சமதளமான, ஆளில்லாத, அகன்ற இடத்தில் ஒரே கோட்டின்மீது முதலில் ஒரு திசையிலும் பின்னர் எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். போகும்போது இடப்புறமும் வரும்போது வலப்புறமும் ஒதுங்கினால் குற்றம் தரையினது. இரு முறையும் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கமே ஒதுங்கினால் குற்றம் வண்டியினது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் சென்னைப் பந்தயக்காரர்கள் பல்லாண்டு கார் ஓட்டினார்கள். விமானத்துக்காகப் போட்ட அகன்ற தளம் வண்டியைச் சோதிப்பதற்கும் எவ்வளவு வாய்ப்பாக இருந்திருக்கும்! 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. நமக்கு விமானத் தளம் கிட்டாது. விடுமுறை நாளில் ஏதேனும் பெரிய மைதானத்தின் வண்டி நிறுத்துமிடம் போதும்.

குற்றம் வண்டியினதே என்று தெளிந்தபின், செலவில்லாததிலிருந்து தொடங்கவேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். டயரில் காற்று குறைந்த பக்கம் உருளும் தடை மிகுதி. வண்டி அப்பக்கம் இழுக்கும். ஆகவே முதற்கருவி காற்றழுத்தமானி. அளப்பது வண்டி ஓடிச் சூடாகும் முன்னரே நிகழவேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தும் இழுத்தால், முன்னிரு சக்கரங்களையும் இடம் மாற்றிப் பூட்டுக. இழுக்கும் திசையும் மாறிவிட்டால் டயரே குற்றவாளி. புத்தம்புது டயரிலும் இது நேரும் என்பதைப் பலர் நம்ப மறுக்கின்றனர். டயரின் உள்ளே புதைந்துள்ள எஃகு வளையம் நடுவிலிருந்து இம்மியளவு விலகிப் பதிந்துவிட்டால், டயர் உருளையாக இராமல் நுண்ணிய கூம்பைப்போல் நடந்துகொள்ளும். ஒரு கூம்பை மேசைமீது உருட்டிவிட்டால் அது வளைந்துதானே ஓடும்? கண்ணுக்குத் தெரியாத இக்கூம்பு வண்டியையும் வளைத்துவிடுகிறது. (ஒரே திசையில் மட்டும் ஓடவேண்டிய டயர்களில் பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும், அவற்றை அப்படியே இடம் மாற்றலாகாது.)

அடுத்தது பிரேக். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரேக்கை மிதிக்காதபோதே வண்டி இடப்புறம் இழுத்தால், இடப்புறப் பிரேக் விடுபடாமல் பற்றிக்கொண்டிருக்கலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தினால் அச்சக்கரம் மட்டும் அனல் வீசும். தொட்டுப் பார்க்கவேண்டாம், கையை அருகே கொண்டுபோனாலே தெரியும். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றினாலும் அது தடைபட்டு நிற்கும். ஆனால் மிதிக்கும்போது மட்டும் இடப்புறம் இழுத்தால், பார்க்கவேண்டியது வலப்புறத்தை! வலப்புறம் பிடிக்காமையால் அல்லவோ இடப்புறம் வெல்கிறது? இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல பிரேக்கைக் கழற்றிக் கெடுத்த கதைகள் ஏராளம். முடுக்கும்போது மட்டும் இழுத்தால் அது வேறு கதை: முன்சக்கரங்களே ஓட்டும் வண்டிகளில் இருபுறத்து அச்சுத்தண்டுகளும் நீளத்தில் வேறுபடுவதால் வரும் இயல்பு அது.

இனிக் கோணங்களுக்கு வருவோம். சக்கரம் பார்வைக்கு நிமிர்ந்து நிற்கிறது. உண்மையில் மூன்று வகையில் சாய்ந்தும் திரும்பியும் நிற்கிறது. முன்னிருந்து பார்க்கும்போது அதன் தலை வெளியேயோ உள்ளேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கும்போது, திரும்பும் அச்சின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர்; சைக்கிளின் முன்கவையைப் பாருங்கள், அதே சாய்வுதான், கையை விட்டும் சைக்கிள் நேரே செல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் மூக்குகளும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ.

எது வண்டியை இழுக்கும்? இரு முன்சக்கரங்களில் எதன் தலை மிகுதியாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அப்பக்கம் வண்டி இழுக்கும். எப்பக்கம் காஸ்டர் குறைவோ அப்பக்கமும் இழுக்கும். இருபுறமும் ஒத்திருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும், வேற்றுமைதான் நோய். முன்சக்கர டோவோ வண்டியை இழுப்பதில்லை. இரு சக்கரங்களும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு டயரை மட்டும் தின்னும். 1 பாகை திரும்பிய சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்தாகவேண்டும். கணக்கைப் போட்டுப் பார்க்க டான்ஜென்ட் அட்டவணை ஒன்றே போதும். ஆகவே, "இழுக்கிறது" என்று வருபவரிடம் முன்சக்கர டோவை மட்டும் திருகிவிட்டுப் பணம் வாங்குவது தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுவது போன்றது.

இந்த வேற்றுமையை வேண்டுமென்றே உண்டாக்குபவர்களும் உளர். அமெரிக்காவின் நீள்வட்டத் தடங்களில் ஓடும் கார்கள் பந்தயம் முழுவதும் இடப்புறமே திரும்பவேண்டும். அவற்றில் பலவற்றுக்கு வலப்புற டயரைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, தாமே இடப்புறம் இழுக்கும்படி செய்துவிடுகிறார்கள். நேரே போவது அங்கே தொல்லை! அத்தகைய தடங்களுள் புகழ்பெற்ற இண்டியானாபோலிஸின் சாய்தள வளைவு 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் மிஷலின் டயர்களைப் பழுதாக்கியது. அந்நிறுவனத்தின் டயர் பூட்டிய 14 கார்களும் விலகிக்கொள்ள, 6 கார்களே ஓடின. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அதில் நான்காவதாக வந்து, ஃபார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். ஒரு டயரின் பக்கச்சுமை ஒரு பந்தயத்தையே மாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டிலேயே பிறந்த ஒரு வண்டி நம் பொருளுக்கு மிகப் பொருந்தும். சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் 1971 வரை செய்த ஹெரால்டு, குடும்பக் கார்தான். ஆயினும் 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சட்டத்தைச் சுருக்கியே கட்டப்பட்டது. எலும்பு ஒன்று, உடை வேறு. முன்சக்கரக் கோணங்களை மெல்லிய தகடுகளைச் செருகியும் எடுத்தும் திருத்தலாம். இத்தகடுகளைப் பட்டறையில் ஷிம் என்பர். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றையும் ஒரு நீண்ட கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும். அக்கை தரைத்தகட்டில் பொருந்தும் இடத்திலும் ஷிம் உண்டு. இவ்விரண்டாவது செய்தியைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அப்படி மறந்ததால் வந்த வினையை நான் நேரில் கண்டேன். இந்நகரில் ஓய்வுபெற்ற ஒருவரின் ஹெரால்டு இடப்புறம் இழுத்தது. ஒரு பட்டறையில் முன்டயர் இரண்டையும் மாற்றினார்கள். மற்றொன்றில் ஸ்டியரிங்கின் ரப்பர்களை மாற்றியதோடு, கோணலாக நின்ற ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றி நேராகப் பூட்டியும் கொடுத்தார்கள். நோய் போகவில்லை, நோயின் அடையாளம் மட்டும் போயிற்று. மழையில் ஒருநாள் பிரேக் போட்டபோது வண்டி எதிர்வரும் பேருந்துக்குக் குறுக்கே பாதி திரும்பி நின்றது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று அவர் ஏறத்தாழ முடிவுசெய்துவிட்டார்.

வந்தவர் மார்த்தாண்டத்து மேஸ்திரி ஒருவர். கொண்டுவந்தவை கொத்தனாரின் நூலும் தூக்குக்குண்டும், ஓர் எஃகு அளவுகோலும்! ஓட்டுபவரின் எடைக்கு ஈடாக மூன்று 25 கிலோ அரிசிப் பைகளை இருக்கையில் வைக்கச் சொன்னார். இலேசான வண்டியில் பத்தில் ஒரு பங்கு எடை ஒருபுறம் அமர்ந்தால் கோணமே மாறும் அல்லவா? பிறகு வண்டியின் இருமருங்கும், சக்கர நடு உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நூல் கட்டினார். சக்கர விளிம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் நூலிலிருந்து எவ்வளவு தொலைவு என்று அளந்தார். 13 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு சுமார் 350 மில்லிமீட்டர். ஆகவே 1 மி.மீ. வேற்றுமை ஏறத்தாழ ஆறில் ஒரு பாகை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அதே விளிம்பில் 6 மி.மீ. சாய்வு 1 பாகைக் கேம்பர். பல இலட்சம் ரூபாய்க் கருவி செய்வதும் இந்த முக்கோணக் கணக்கையே.

முன்சக்கரங்களில் குறையில்லை. நான் மறுபடியும் அங்கேயே குனிந்தபோது அவர், "மக்களே, முன்ன பாத்தது போரும். பின்ன பாரு" என்றார். வலப்புறப் பின்சக்கரத்தின் மூக்கு 4 மி.மீ. வெளிநோக்கித் திரும்பியிருந்தது. அரைப் பாகைக்கும் மேல்! அடியில் படுத்துப் பார்த்தால், அந்தக் கை பொருந்தும் தரைத்தகடு துருப்பிடித்து அப்பளம்போல் நொறுங்கியிருந்தது. கை பின்னுக்கு நகர்ந்து, சக்கரத்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

இடப்புறம் இழுக்கும் வண்டிக்கு வலப்புறப் பின்சக்கரத்தில் குற்றம் எப்படி? அச்சக்கரம் வண்டியின் பின்புறத்தை வலப்பக்கம் தள்ளுகிறது. பின்புறம் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். நேரே செல்ல ஓட்டுபவர் முன்சக்கரங்களைச் சற்று வலப்புறம் திருப்பியே பிடித்திருக்கவேண்டும். பிடி தளர்ந்தால், வண்டியின் எடை அவற்றை நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது; வண்டி இடப்புறம் ஒதுங்குகிறது. ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றதன் காரணமும் இதுவே. அதை நேராக்கிப் பூட்டியவர் சாட்சியைக் கலைத்துவிட்டார்.

துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, கைக்குப் புதிய புஷ் போட்டு, ஷிம் வைத்துப் பின்சக்கரம் இரண்டையும் முதலில் ஒழுங்கு செய்தார்கள். பின்சக்கரங்கள் காட்டும் திசையே வண்டியின் திசை. அது நிலைபெற்றபின்தான் முன்சக்கரங்களை அதற்கு இணங்கத் திருப்பவேண்டும். ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றிப் பூட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. செலவு, முன்பு மாற்றிய இரண்டு டயர்களின் விலையைவிடக் குறைவு. அரிசிப் பைகளை இறக்கும் முன்னர் மேஸ்திரி மீண்டும் ஒருமுறை நூல் பிடித்துப் பார்த்தார். வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டி, மறுபடியும் அளந்தார். ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரம் உருண்டபின்தான் தன் இயல்பான நிலையில் அமரும் என்றார்.