மின்கம்பி வேலையும் லைசென்ஸ் கையெழுத்தும்

தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு சிறு விவசாயிகளுக்கும், 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. நெசவாளருக்கு அளிக்கப்பட்டு வந்த சலுகை 2023ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டு, இரண்டு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1000 யூனிட்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றால் நம் அங்கத்தினர் அடைந்த நன்மை சிறிதன்று. ஆயினும், மின்சாரமே இலவசம் எனும்போது கம்பி இழுப்பதற்குப் பெருஞ்செலவு எதற்கு என்னும் எண்ணமும் இதனோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. சலுகை மின்வாரியத்தார் தரும் இணைப்பு முனையோடு நின்றுவிடுகிறது. அதற்கு இப்பாலுள்ள கம்பி, சுவிட்சு, மோட்டார் ஆகியவற்றின் செலவும் பொறுப்பும் இணைப்பைப் பெற்றவரையே சாரும்.

அவ்வேலையை யார் செய்யலாம்? 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி இதனைத் தெளிவாக வகுத்தது. லைசென்ஸ் பெற்ற மின் காண்டிராக்டரே வேலையை ஏற்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்விதிகள் இப்போது நடைமுறையில் இல்லை. எனினும் மத்திய மின்சார ஆணையம் 2010இலும், பின்னர் 2023இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அந்நெறியே தொடர்ந்து வருகிறது. பல்பு, விசிறி, ஃபியூசு, சுவிட்சு ஆகியவற்றைப் பழுது நேர்ந்தபோது மாற்றிக்கொள்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. புதிய தறிக்குக் கம்பி இழுப்பதும், கிணற்று மேட்டில் புதிய பலகை அமைப்பதும் அவ்விலக்கில் அடங்கா.

நம் மாநிலத்தில் லைசென்ஸும் தகுதிச் சான்றும் அளிப்பது சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். காண்டிராக்டர், மேற்பார்வையாளர், ஒயர்மேன் ஆகிய மூவரையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். ஒயர்மேன் கையில் இருப்பது, கம்பி வேலை அறிந்தவர் என்னும் சான்று மட்டுமே. அதனைக் கொண்டு அவர் தம் பொறுப்பில் காண்டிராக்டு எடுக்க இயலாது. காண்டிராக்டருக்கோ சான்று பெற்ற ஆட்களும் சோதனைக் கருவிகளும் இருத்தல் வேண்டும். அவரது லைசென்ஸ் குறிப்பிட்ட தரத்துக்கும் காலத்துக்கும் உட்பட்டது. ஆகவே வேலை கொடுக்குமுன் அதனை வாங்கிப் பார்த்து, எண்ணையும் புதுப்பித்த தேதியையும் குறித்துக்கொள்வது முறை. பார்க்கக் கேட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்க வேண்டியதில்லை. காட்டத் தயங்குபவரே நாம் ஐயுற வேண்டியவர்.

புதிய இணைப்பு தருமுன் மின்வாரியத்தார் கம்பி அமைப்பைத் தாமே சோதிக்க வேண்டும். அன்றேல் லைசென்ஸ் பெற்ற காண்டிராக்டர் கையொப்பமிட்ட சோதனை அறிக்கையை ஏற்க வேண்டும். இந்த ஏற்பாட்டிலிருந்தே ஒரு கெட்ட வழக்கம் முளைத்துவிட்டது. கம்பி இழுப்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர். ஒரு நெசவாளர் சங்கத்தின் வவுச்சர்களை ஆய்வு செய்தபோது, தறிக்கூடத்தின் மின்வேலைக் கூலி ஒரு பெயரிலும், 'அறிக்கைச் செலவு' இன்னொரு பெயரிலும் எழுதப்பட்டிருக்கக் கண்டேன். இரண்டாமவர் தறிக்கூடத்தின் படியை ஒருநாளும் மிதித்ததில்லை என்று சங்கத்தாரே கூறினர். அறிக்கையில் மட்டும் காப்பு எதிர்ப்பின் அளவு அழகாக எழுதப்பட்டிருந்தது! எந்தக் கருவியும் அளக்காத அளவு அது. உயிர்ச்சேதம் நேர்ந்தால் விபத்தை மின் ஆய்வாளருக்கு 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அவர் நடத்தும் விசாரணையில் அத்தகைய காகிதம் சங்கத்தைக் காக்கும் என்று நம்புவதற்கில்லை.

காண்டிராக்டருக்கு நாம் தரும் பணத்தில் மிகவும் மதிப்புள்ள பகுதி சோதனைக்கு உரியது. ஆதலால் அச்சோதனை நம் கண்முன்னே நடைபெற வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளல் நலம். அது அரிய வித்தையன்று. மெயின் சுவிட்சை நிறுத்திய பின், மெகர் என்னும் கருவியால் ஒவ்வொரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே 500 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்துவர். முள் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ கம்பியின் உறை நைந்திருக்கிறது, அல்லது ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது எர்த் எனப்படும் நில இணைப்பு. ஓரிடத்தில் நிலையாக நிறுவிய மூன்று பேஸ் மோட்டாரின் உடற்பகுதிக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே இதன் காரணம். ஒரே கம்பியை மோட்டாரில் இரண்டு இடங்களில் முடுக்கிவிட்டு 'இரண்டு எர்த்' என்று பில் எழுதுவோர் உளர். கம்பி குழி வரையில் இரண்டாகச் செல்கிறதா என்று நடந்து பார்த்தே பணம் தர வேண்டும். குழியில் இரும்புக் குழாய் இறக்கினால் அது துத்தநாகம் பூசியதாகவும், 38 மில்லிமீட்டர் உள் விட்டத்துக்கும் 2.5 மீட்டர் நீளத்துக்கும் குறையாததாகவும் இருத்தல் வேண்டும். கோடையில் மண் உலர்ந்தால் எர்த் வலுவிழக்கும். கிணற்று மேட்டில் பம்பு ஓட்டுவோர் அக்காலத்தில் குழிக்கு நீர் விட்டு வரலாம்.

எம்.சி.பி. இருக்கையில் வேறு காப்பு ஏன் என்று சிலர் வினவுகின்றனர். எம்.சி.பி. கம்பி காயாமல் காப்பது. பல ஆம்பியர் மிகுந்தால்தான் விழும். மனித உடலுக்கு ஒரு ஆம்பியரில் சிறு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் கருவியே ஆளைக் காப்பது. எஸ்டிமேட்டில் அதனைத் தனி வரியாகக் கேட்டு எழுதிவாங்குக.

இனிச் செலவு. மின்வேலையைப் பெரும்பாலும் 'பாயிண்ட்' கணக்கில் பேசுவர். விளக்கு, விசிறி, பிளக்கு ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். மெயின் கம்பி மீட்டர் கணக்கு. பலகை, எர்த் குழி ஆகியவை தனித்தனி. ஊருக்கு ஊர் விகிதம் மாறும். ஆகையால் மூன்று கொட்டேஷன் வாங்குக என்று சொல்வது எளிது. ஆனால் மூன்றும் ஒரே பொருளுக்கு உரியனவா என்று பார்ப்பவர் சிலரே. பாயிண்டுக்கு 100 ரூபாய் குறைத்தவர் 20 பாயிண்டில் 2000 ரூபாய் குறைக்கிறார். கம்பியின் பருமனைக் குறைத்து அதனைச் சரிக்கட்டியிருக்கக்கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பலகையிலிருந்து 50 மீட்டர் தொலைவில், ஒரு பேஸில் ஓடும் இரண்டு தறி மோட்டார்கள் சேர்ந்து 10 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்க. போகவும் வரவும் கம்பி 100 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் வழியில் சுமார் 12 வோல்ட் இழப்பு. ஏறத்தாழ 120 வாட் சூடாகவே கழியும். 4 சதுர மில்லிமீட்டரானால் இழப்பு 5 வோல்ட்டுக்குள். சூடு 46 வாட். நாளொன்றுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் வேறுபாடு சுமார் 180 யூனிட். இலவச வரம்பைத் தாண்டி ஓட்டுவோர்க்கு இது ஆண்டுதோறும் வரும் செலவு. வோல்ட் குறைந்த மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காய்வதனால் வரும் சுருள் கட்டும் கூலி இதில் சேரவில்லை. ஆகவே கொட்டேஷனில் கம்பியின் பருமன், ஐ.எஸ். 694 முத்திரை, மீட்டர் அளவு ஆகியன எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

வரி பற்றியும் ஒரு சொல். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு காண்டிராக்டர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யாதிருக்கலாம். பதிவு எண் இல்லாதவர் பில்லில் அவ்வரியைச் சேர்த்தல் கூடாது. சங்கத் தணிக்கையில் இது அடிக்கடி எழும் ஆட்சேபம்.

மின்வாரியத்துக்குரிய பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை ஆகியவற்றைக் காண்டிராக்டர் கூலியோடு கலந்து 'மொத்தமாக இவ்வளவு' என்று பேசிவிடாதீர்கள். அவை இணைப்பு பெறுபவர் பெயரிலேயே செலுத்தப்பட்டு, அவர் பெயரிலேயே ரசீது பெறப்பட வேண்டும். வைப்புத்தொகை நாளை திரும்பப் பெறக்கூடிய பணம்; ரசீதின்றி அதனைக் கோருவது கடினம்.

வீட்டு இணைப்பில் விசைத்தறி ஓட்டுவோருக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவைக் கூறாமல் விட இயலாது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால், உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்கப்படும். எந்நாள் முதல் என்று அறிய இயலாவிடில், சோதனை நாளுக்கு முந்திய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவர். கைத்தறியை நிறுத்தி விசைத்தறி பூட்ட எண்ணுவோரும், இருக்கும் தறிகளோடு மேலும் தறி சேர்ப்போரும், மோட்டார் வாங்குமுன் பிரிவு அலுவலகத்தில் இணைப்பு மாற்றத்துக்கோ கூடுதல் பளுவுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். காண்டிராக்டரின் புதிய சோதனை அறிக்கையில் ஒரு படியைச் சங்கக் கோப்பிலும் சேர்த்துவிடுக.