எதிராளி எங்கே நிற்கிறான்?

அன்புள்ள தம்பிக்கு,

வாள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அதுவும் ஜப்பான் வாள். இயாய்டோ என்ற வாள்கலையின் வீடியோக்களைப் பார்த்த பிறகு நம் சிலம்பக் கம்பு வீச்சு சப்பென்று தெரிவதாகவும் சொல்கிறாய். ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்த வீடியோவில் எதைப் பார்த்தாய் என்பதுதான் என் கேள்வி.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் பாடத்தில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே யாரும் இல்லை. ஆனாலும் எதிரே இருப்பவனின் கை வாளுக்குப் போவதாகக் கொண்டுதான் அவர் அசைகிறார். உறையிலிருந்து உருவும் அசைவே குறுக்கு வெட்டாகிறது. அடுத்து மேலிருந்து ஒரு வெட்டு. பிறகு வாளை உதறி, விழுந்தவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே உறையில் இறக்குகிறார். அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் இயாய்டோவுக்கு 12 பாடங்கள் வகுத்திருக்கிறது. எதிராளியை மனதில் நிறுத்தாமல் அதில் எதையும் செய்ய முடியாது. பழகுகிற வாளோ பெரும்பாலும் கூர் இல்லாதது.

இப்போது உன் அலங்கார வீச்சுக்கு வா. கம்பு காற்றாடியாய்ச் சுற்றுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. அந்தச் சுற்றில் எது அடி, எது தடுப்பு? யார் மணிக்கட்டுக்கு, யார் முழங்காலுக்கு? கேட்டால் முழிப்பாய்.

உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன்; நம் வீச்சில் எதிராளி மறைந்ததற்கு வரலாறும் காரணம். 1795-இல் மதுரையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். 1801-இல் அந்த மருதுவைத் தூக்கிலிட்ட கையோடு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பெனி அறிவித்தது. ஜப்பானிலும் 1876-இல் வாள் தரித்து நடமாடத் தடை வந்தது. அங்கே எதிராளியைக் கற்பனையிலாவது காப்பாற்றி வைத்தார்கள். நாம் திருவிழா மேடைக்கு வந்து, பார்ப்பவர்களுக்காகச் சுற்றத் தொடங்கிவிட்டோம்.

ஆகவே கம்பைக் கீழே போடாதே. புருவ உயரக் கம்பே போதும். தொடக்க வணக்கமான சலாவரிசையை அவசரப்படாமல் செய். அப்புறம் ஒரே ஒரு வீச்சை எடுத்து, பாதி வேகத்தில் போய், நடுவில் நிறுத்திப் பார்: கம்பின் நுனிக்கு நேரே யார் நிற்கிறான், உன் முதுகுக்குப் பின்னால் யார்? பதில் வந்தால் அடுத்த காலடி வை. வராவிட்டால் அந்தக் காலடி வீண். சிலம்பம் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிறகு சான்றிதழும் தேவைதான், மறுக்கவில்லை. போட்டிக்குப் பழகு, அதோடு நின்றுவிடாதே.

வாள் விஷயம். நம்மூர் மேடைகளில் சுழலும் தகட்டு வாள்கள் பலவற்றுக்கு உறையே கிடையாது; எடுத்த வாளைத் திரும்ப வைக்கும் பாடமும் இல்லை. சுருள்வாள் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், வீசியவனையே முதலில் தேடி வரும். மதுரை என்றாலே அரிவாள் என்று சினிமா கட்டிவிட்ட கதை வேறு இருக்கிறது. பைக்கில் வாளோடு போய் நின்றால் கலை என்று சொல்லி போலீஸிடம் தப்ப முடியாது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய். தைப் பொங்கல்வரை கம்போடு வா, வாளைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசான்