பழைய கார் வாங்கும்போது வரிக் கணக்கையும் பாருங்கள்



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் முதலில் வாங்குவது பழைய கார்தான். மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்து, பெயர் மாற்றப் போகும்போது வரித் தொகையைக் கேட்டுத் திகைக்கிறார்கள். அங்கே பிள்ளை இருந்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள்.

அங்கு வாகன விற்பனை வரி 6.25 சதவீதம். உரிமம் பெற்ற டீலரிடம் வாங்கினால், கொடுத்த விலைக்கு வரி. தனி நபரிடம் வாங்கினால் கணக்கு வேறு. ஒவ்வொரு காருக்கும் அரசு ஒரு சந்தை மதிப்பு வைத்திருக்கிறது. அதில் 80 சதவீதம், கொடுத்த விலை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே வரி. விலையைக் குறைத்து எழுதி வரி ஏய்ப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

ஆனால் எஞ்சின் பழுது, விபத்துச் சேதம் என்று உண்மையிலேயே விலை குறைந்த காருக்கு வழி உண்டு. உரிமம் பெற்ற டீலரிடமோ காப்பீட்டு மதிப்பீட்டாளரிடமோ 14-128 எண் படிவத்தில் மதிப்பீட்டுச் சான்று பெறலாம். கார் வாங்கியபின் குறித்த கெடுவுக்குள் அதைப் பெற வேண்டும். அதன்பின் சான்று மதிப்பு, கொடுத்த விலை இரண்டில் கூடுதலானதற்கு வரி. வரி கட்டும்போதே சான்றைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு கணக்கு: அரசு மதிப்பு 20,000 டாலர், அதில் 80 சதவீதம் 16,000, வரி 1,000 டாலர். கொடுத்த விலை 9,000, சான்று மதிப்பு 9,500 என்றால் வரி 593.75. மிச்சம் 406.25.

டீலர் சான்றுக்குக் கட்டணம் 100 முதல் 300 டாலர் வரை. அரசு மதிப்பு 10,000, கொடுத்த விலை 5,000, சான்று மதிப்பு 5,500 என்றால் மிச்சம் 156.25 மட்டுமே. கட்டணம் 300 என்றால் நஷ்டம். ஆகவே காரின் அடையாள எண்ணையும் ஓடிய மைலையும் வாகனத் துறை இணையதளத்தில் கொடுத்து, அரசு மதிப்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, உடன்பிறந்தோர் இடையே அன்பளிப்பாகத் தந்தால் வரி 10 டாலர்தான். நண்பரிடம் காசு கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். அது பொய்ப் பிரமாணம், குற்றமும்கூட. நேரான வழியே இருக்கும்போது கோணல் வழி எதற்கு?