பிதுக்கம்பருப்புக் குழம்பு: வேலை விரலுக்கு

மொச்சைக்காயை வாங்குமுன் ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். விரலில் ஒரு பிசுக்கும், சோப்புப் போட்டாலும் மத்தியானம்வரை போகாத ஒரு வாசனையும் ஒட்டினால் அது நல்ல காய். பளபளவென்று இருந்து வாசனையே இல்லையென்றால், வண்டிக்காரர் என்ன விலை சொன்னாலும் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுங்கள்.

திருவண்ணாமலையில் மார்கழிக் கடைசியில் தொடங்கி தை முழுக்க இந்தக் காய் கிடைக்கும். போளூர், செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் மானாவாரி நிலத்தில் மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) நடுவே மொச்சையும் துவரையும் போடுவது பழைய வழக்கம். மல்லாட்டையைப் பிடுங்கிய பிறகும் மொச்சைக்கொடி நிலத்தில் நிற்கும். பகல் குறுகினால்தான் நாட்டு மொச்சை பூ வைக்கும். ஆடியில் விதைத்தாலும் பொங்கலை ஒட்டித்தான் காய்க்கு வரும். செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமிலேயே, தினை அரிந்த தாள்களில் அரிவாள்போல் வளைந்த காய்களோடு அவரை வந்துவிடுகிறது. தாவரவியல்காரர்களுக்கு அவரையும் மொச்சையும் ஒரே இனம். நமக்கு, தோலோடு நறுக்கினால் அவரை, கொட்டையை உரித்தால் மொச்சை.

இந்த வழிகாட்டியை எழுத வைத்தவர் எங்கள் மாடியில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா. ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களில் ஒருவர். அவர் ஊரில் 'பேபி லீமா பீன்ஸ்' என்று ஒன்று உண்டாம், அது இங்கே கிடைக்குமா, எப்படி வேகவைப்பது என்று கேட்டார். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பயறு நமக்குப் புதிதில்லை. மளிகைக் கடையில் டபுள் பீன்ஸ் என்று விற்கிறார்களே, அதன் குட்டி ரகம்தான். மொச்சைக்கு உறவு, ஆனால் வேறு இனம். நான் அவருக்கு டபுள் பீன்ஸும் காட்டினேன், மொச்சையில் பிதுக்கம்பருப்பும் செய்து கொடுத்தேன். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு அவர் கேட்டு எழுதிக்கொண்டது இரண்டாவதைத்தான். அதனால் இங்கேயும் அதுவே முதலில்.

நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ மொச்சைக்காய் வேண்டும். மலைக்காதீர்கள், உரித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும். காயைத் தடவினாலே உள்ளே கொட்டை புடைத்திருப்பது தெரிய வேண்டும். தட்டையான காயில் கொட்டை பிஞ்சாக இருக்கும், பிதுக்க முடியாது. தோல் மஞ்சளடித்துச் சுருங்கியது முற்றல். அது வேகும், ஆனால் மாவாகிவிடும். புழு ஓட்டை போட்ட காயைத் தயங்காமல் ஒதுக்குங்கள். பருவம் தப்பிவிட்டால் காய்ந்த மொச்சை கால் கிலோ போதும்.

உரித்த கொட்டையை நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பச்சை மொச்சைக்கு நான்கைந்து மணி நேரம் போதும். இரவே போட்டுவிட்டால் காலையில் வேலை சுலபம். காய்ந்ததற்கு முழு இரவு வேண்டும், நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றாதீர்கள். மொச்சை வாயு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள். அவை நம் குடலில் செரிக்காமல் கீழே இறங்கி, அங்கே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன. அவற்றில் ஒரு பங்கு ஊறல் தண்ணீரோடு போய்விடும். மீதியைப் பூண்டும் பெருங்காயமும் பார்த்துக்கொள்ளும் என்பது வீட்டு நம்பிக்கை. நானும் அதை நம்புகிறேன்.

இனி பிதுக்கல். இந்தக் குழம்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒரு முனையில் நகத்தால் லேசாகக் கீறி, மறுமுனையை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். முதல் பத்து கொட்டைகள் சுவரில் தெறிக்கும், அல்லது சோபாவுக்கு அடியில் போகும். பாத்திரத்துக்குள்ளேயே கையை இறக்கிப் பிதுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஆயா முறத்தைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் உட்கார வைத்துவிடுவார். தனியாக ஒருவர் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும். நான்கு பேர் பேசிக்கொண்டே செய்தால் பேச்சு முடியுமுன் பருப்பு தீர்ந்துவிடும். பெங்களூர்க்காரர்களும் இதே வேலையைச் செய்து 'ஹிதகித பேளே' என்கிறார்கள். அதற்கும் பிதுக்கிய பருப்பு என்றுதான் பொருள். ஜனவரியில் அங்கே அவரைப் பருப்புக்கென்றே மேளா நடக்கிறது. நம் ஊரில் மேளா கிடையாது, முறம்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, தோலோடு போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் அது மொச்சைக்கொட்டைக் குழம்பு, வேறு பண்டம். தோலோடு வெந்தால் மசாலா வெளியிலேயே நின்றுவிடும். பிதுக்கிய பருப்பு குழம்பைக் குடித்து வெண்ணெய் மாதிரி ஆகும்.

மசாலாவுக்கு: கால் மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா. கசகசாவை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மூன்றையும் மையாக அரைத்து வையுங்கள். பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு தக்காளி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை, தனியாத்தூள் மூன்று, ஒரு சிட்டிகை பெருங்காயம், சின்ன நெல்லிக்காய் அளவு புளி. எண்ணெய் கடலை எண்ணெய்தான். மல்லாட்டை விளையும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு எண்ணெயைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று கரண்டி எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் நிறம் மாறும்வரை வதக்குங்கள். நசுக்கிய இஞ்சி, பிறகு தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது தூள்களைப் போட்டு, தணலைக் குறைத்து ஒரு நிமிடம் பிரட்டி, பருப்பைக் கொட்டுங்கள். பருப்புக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றுங்கள். குக்கர் வேண்டாம். பிதுக்கிய பச்சைப் பருப்பு திறந்த சட்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், குக்கரில் வைத்தால் கூழ். காய்ந்த மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கியிருந்தால் அரைமணி வரை ஆகலாம். ஒரு பருப்பை எடுத்து நசுக்குங்கள். விரலில் மாவு போல அமுங்கினாலும் வடிவம் கலையாமல் இருக்க வேண்டும்.

புளிக்கரைசலை அப்போதுதான் ஊற்ற வேண்டும், அதற்கு முன்னால் ஊற்றவே கூடாது. புளிப்புச் சேர்ந்தால் பயறு இளகுவது நின்றுபோகும். தக்காளியிலும் புளிப்பு உண்டு, அது கொஞ்சம் என்பதால் பச்சைப் பருப்பு பொறுத்துக்கொள்ளும். காய்ந்த பருப்பானால் தனியே முக்கால் பதம் வேகவைத்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. இன்னொன்று தண்ணீர். பாறைப் பூமியில் போட்ட போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் எந்தப் பயறும் லேசில் வேகாது. வீட்டில் அடுப்புக் காந்தக் காந்த மொச்சை கல்லாகவே கிடந்தால் குடிதண்ணீருக்கு மாறிப் பாருங்கள். சோடா உப்புப் போடாதீர்கள். வேகும், உண்மைதான், ஆனால் குழைந்து ருசி கெடும், வைட்டமின் பி1 சத்தும் அழியும்.

புளி கொதித்து வாசனை அடங்கியதும் உப்பும் அரைத்த விழுதும் சேர்த்து ஐந்து நிமிடம், கொத்தமல்லித்தழை, இறக்கம். சிலர் கத்தரிக்காய் போடுவார்கள், அசைவக்காரர்கள் ஆட்டுக்கறி போடுவார்கள். கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தமான குழம்பை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. இட்லிக்கு இரண்டாம் இடம், சோற்றுக்கு மூன்றாம் இடம்.

இப்போது டபுள் பீன்ஸ். இதில் ஒரு எச்சரிக்கை. மரவள்ளிக்கிழங்கில் இருக்கும் அதே லினமரின் இதிலும் உண்டு. பச்சையாக மென்றால் அதிலிருந்து சயனைடு வெளிவரும். கடையில் வரும் வெள்ளை ரகங்களில் அளவு குறைவு, நிறமுள்ள காட்டு ரகங்களில் அதிகம். எதுவானாலும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடாமல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அந்தத் தண்ணீரையும் வடித்து, மறுபடி தண்ணீர் வைத்து வேகவையுங்கள். குட்டி ரகத்துக்குத் திறந்த சட்டியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், குக்கரில் மூன்று விசில். ஊறும்போது ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் மிருதுவாகும். உப்புப் போட்டால் வேகாது என்ற பேச்சைக் கேட்காதீர்கள். வெந்த பிறகு மேலே சொன்ன மசாலாவில் சேர்த்தால் குழம்பு, தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் சுண்டல்.

எந்த நாளில் செய்வது என்பதும் முக்கியம். மாட்டுப் பொங்கலன்று இங்கே திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் ஊடல் நடக்கும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட, மறுநாள் சுவாமி தனியாகக் கிரிவலம் போவார். மொச்சைக்காய் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. ஊடலைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட இந்தக் குழம்பு சரியாக இருக்கும். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். மத்தியானம் மொச்சையை ஒரு பிடி பிடித்துவிட்டு ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கப் போனவன் நான். ஐந்தாம் கிலோமீட்டரில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் பாதை மாறி நடந்தார்கள்.

பிதுக்கிய பருப்பு மிஞ்சினால் வெயிலில் இரண்டு மூன்று நாள் சலசலவென்று காயவைத்து டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் வரும். எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் மழைநாளுக்கு ஆகும். தோல் ஒரு கூடை சேர்ந்திருக்கும். குப்பையில் போட்டுவிடாதீர்கள், தெருமுனையில் மாடு நிற்கும்.