இரண்டு பைத்தான்கள்

கேள்வி: 1955இல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வருக்கும், 2020இல் மீண்டும் வந்த பைத்தானுக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

பதில்: நிறையவே இருக்கிறது. பழையதில் ட்ரிக்கரை இழுக்க இழுக்க இறுக்கம் கூடிக்கொண்டே போகும். சுடும் கணத்தில் தோட்டா உருளை துளியும் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதற்காகப் பாகங்களைத் தேர்ந்த தொழிலாளர்கள் கையால் ராவிப் பொருத்தினார்கள். உருளையைத் தள்ளும் சிறு நெம்பு தேய்ந்துவிட்டால், பழுது பார்ப்பதற்கும் அப்படிப்பட்ட கைகளே வேண்டும். இன்று அவர்கள் அபூர்வம்.

2020இல் வந்ததோ துருப்பிடிக்காத எஃகு. பாகங்கள் குறைவு, இழுப்பு சீரானது. பின்பக்கக் குறிகாட்டிக்கு அடியில் சட்டத்தையும் தடிமனாக்கியிருக்கிறார்கள். பலமான தோட்டாக்களைத் தாங்கும் இடம் அது. உழைப்புக்குப் புதியதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பழைய நீல மெருகு, அடடா, கண்ணை எடுக்கவே முடியாது!